டிக்கெட்டை மூடியது யார்?

வரும் புகார் ஒவ்வொன்றையும் எண் போட்டு ஒரு டிக்கெட்டாகப் பதிந்து, தீர்ந்ததும் மூடிவைக்க நாங்கள் பயன்படுத்தும் டிக்கெட் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் மாற்றக் குறிப்பில் ஒரு சங்கதி தவறாமல் இருக்கும்: இனி நீங்கள் இதைத் திறக்கவே வேண்டாம். சாட்டிலிருந்தே டிக்கெட் போடலாம். மெயிலுக்குப் பதில் எழுதினால் கமென்ட் தானாக ஏறிவிடும். கோட் எடிட்டரில் இருந்தபடியே நிலையை மாற்றலாம். கெடு தேதி காலண்டரில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தனித்தனியாகப் பார்த்தால் எதையும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு மென்பொருள், தன் பக்கம் யாரும் வரத் தேவையில்லை என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வது எனக்கு எப்போதும் உறுத்தும். யாரும் வராத இடத்தில் யார் என்ன எழுதி வைப்பார்கள்? வெறும் உறுத்தலாக இருந்த இதை #2217 என்ற டிக்கெட் ஒரு கருத்தாகவே மாற்றிவிட்டது. அந்தக் கருத்து இன்றுவரை முழுசாக அடங்கவில்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

புகார் எளிமையானது. ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே இன்வாய்ஸ் இரண்டு முறை மெயிலில் போகிறது. டெவலப்பர் தேடிப் பார்த்ததில் இரண்டு ஓட்டைகள் கிடைத்தன. பயனர் பொறுமையிழந்து அனுப்பும் பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினால் இரட்டிப்பாகிறது, இது ஒன்று. இரவில் தானாக ஓடும் வேலை இன்னொன்று. மெயில் சேவை பதில் சொல்லத் தாமதித்தால் எங்கள் நிரல் “போகவில்லை போலிருக்கிறது” என்று மறுபடி அனுப்பும்; முதல் தடவையே போய்ச் சேர்ந்திருக்கும். பொத்தான் பக்கத்து ஓட்டையை அவர் அன்றே அடைத்துவிட்டார். இரவு வேலையில் கை வைக்க நேரம் வேண்டும் என்று விட்டுவைத்தார். அதை மறைக்கவும் இல்லை. நிரலில் செய்த மாற்றத்தைச் சேமிக்கும்போது (அதுதான் கமிட்) கூடவே எழுதும் கமிட் செய்தியில் தெளிவாகவே எழுதியிருந்தார்: “பார்ஷியல் ஃபிக்ஸ் #2217, நைட் ஜாப் ரீட்ரை இன்னும் பாக்கி.”

எங்கள் நிரல் முழுவதையும் வைத்திருக்கும் ரெப்போவில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உண்டு. எழுதியவர் வேலையை விட்டுப் போய் வெகு நாளாகிறது. கமிட் மெயின் பிராஞ்சில், அதாவது நிரலின் முதன்மைப் பிரதியில், சேர்ந்ததும் அதன் செய்தியைப் படிக்கும். ‘ஃபிக்ஸ்’ என்ற சொல்லை ஒட்டி ஓர் எண் இருந்தால் அந்த எண்ணுள்ள டிக்கெட்டை மூடிவிடும். முன்னால் நிற்கும் ‘பார்ஷியல்’ அதன் கண்ணில் படாது. பின்னால் வரும் ‘பாக்கி’யும் படாது. மூடிவிட்டது. மூடியதும் டிக்கெட் மென்பொருள் சாட் சேனலுக்குச் சொன்னது, அங்கே பச்சை டிக் விழுந்தது. சப்போர்ட் மென்பொருளுக்கும் சொன்னது, அது வாடிக்கையாளருக்கு “உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது” என்று மெயில் அனுப்பியது. டாஷ்போர்டில் தீர்ந்தவை எண்ணிக்கை ஒன்று கூடியது. கமிட் போட்டவர் நாற்காலியைவிட்டு எழுவதற்குள் இவ்வளவும் முடிந்துவிட்டது.

அடுத்த மாதமும் அந்த வாடிக்கையாளருக்கு இன்வாய்ஸ் இரண்டு வந்தது. வந்த மெயிலுக்கே பதில் எழுதினார். நாங்கள் அவ்வளவு அக்கறையாகப் போட்டுவைத்த இணைப்பு, அந்தப் பதிலைச் சரியாக #2217-க்குள் கமென்டாகக் கொண்டுபோய் வைத்தது. ஆனால் மூடிய டிக்கெட்டுகளில் வரும் கமென்டுக்கு யாருக்கும் அறிவிப்பு போகாது. சேனலில் சத்தம் அதிகம் என்று எப்போதோ அதை நிறுத்தியிருந்தார்கள். மறுபடி எழுதினார். அதற்கடுத்த மாதம் இரண்டு மெயிலையும் இணைத்து, வந்த நேரங்களைக் குறித்து, “இரண்டும் நள்ளிரவு தாண்டித்தான் வருகின்றன, நடுவில் சில நிமிடம்தான் இடைவெளி, பகலில் நாங்களே அனுப்பினால் ஒன்றுதான் வருகிறது” என்று எழுதியிருந்தார். எங்கள் டெவலப்பர் கண்டுபிடித்ததையே அவர் வெளியில் இருந்துகொண்டு கண்டுபிடித்துவிட்டார். படிக்கத்தான் ஆளில்லை.

“என் பேர்ல போயிருக்கே”

கடைசியில் அந்த வாடிக்கையாளர் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுத்தது சப்போர்ட்டின் மூத்தவர். நாங்கள் எல்லோருமே அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அழைப்பை முடித்துவிட்டு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு டெவலப்பர்கள் பக்கம் வந்தார். கோபமெல்லாம் இல்லை. #2217-இன் வரலாற்றைத் திறந்து மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்டார். அந்த உரையாடல் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“தம்பி, ‘ஓபன்ல இருந்து இன் ப்ராக்ரஸ்’னு போட்டிருக்கே, இது யாரு மாத்தினது?”

“அது பிராஞ்ச் உருவாக்கினா தானா மாறும்க்கா.”

“ரிவ்யூவுக்குப் போனது?”

“புல் ரிக்வெஸ்ட் போட்டதும் தானா போகும்.”

“சரி, மூடினது?”

“ஸ்கிரிப்ட்.”

“தீர்ந்துடுச்சுன்னு கஸ்டமருக்கு மெயில் போட்டது?”

“அது உங்க டூல்க்கா. டிக்கெட் மூடினா அனுப்பும்.”

அவர் அந்த மெயிலைத் திறந்து கடைசி வரியைக் காட்டினார். “கீழ என் பேரு இருக்கு பாருங்க. என் பேர்ல போயிருக்கே. நான் இதச் சொல்லவே இல்லையே.”

டிக்கெட் அவர் பொறுப்பில் இருந்ததால் மென்பொருள் அவர் பெயரைக் கையெழுத்தாகப் போட்டிருக்கிறது. அமைப்பின்படி அதில் ஒரு தவறும் இல்லை. எந்த இணைப்பும் பழுதாகவில்லை. ஒவ்வொன்றும் தனக்குச் சொன்ன வேலையை, சொன்ன நேரத்தில், பிசகாமல் செய்திருக்கிறது. வரலாற்றில் இருந்த அத்தனை பதிவுகளிலும் மனிதர்கள் எழுதியவை வாடிக்கையாளரின் வாக்கியங்கள் மட்டும்தான். டெவலப்பர் எழுதிய ‘பாக்கி’ கமிட்டிலேயே தங்கிவிட்டது. டிக்கெட்டுக்கு வந்து சேர்ந்தது, அந்த கமிட்டின் அடையாள எண் மட்டும்.

யாரைத் திட்டுவது என்று யோசித்தால் ஆள் கிடைக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. முன்பெல்லாம் ஒரு டிக்கெட் தவறாக மூடப்பட்டால், மூடியவர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் போய் ஏன் என்று கேட்கலாம். அவர் மழுப்புவார், சண்டை வரும், ஆனால் ஒரு காரணம் வெளியே வரும். இங்கே கேள்வி ஒவ்வொரு டூலாகக் கடந்து போய், கடைசியில் எதுவுமே சொல்லாத ஒருவரின் கையெழுத்தில் வந்து நின்றது.

நிகழ்வு பயணிக்கும், காரணம் பயணிக்காது

கமிட் செய்தியை வைத்து டிக்கெட்டை மூடும் யோசனை பரவலானது. நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் க்ளோஸ், ஃபிக்ஸ், ரிசால்வ் ஆகிய மூன்றும் அவற்றின் உருமாற்றங்களுமாக ஒன்பது சொற்கள் உண்டு. அவற்றில் ஒன்றோடு எண்ணும் சேர்ந்த கமிட் டிஃபால்ட் பிராஞ்சுக்குப் போனதும் இஷ்யூ (டிக்கெட்டுக்கு அங்கே அதுதான் பெயர்) மூடிக்கொள்ளும். ஜிரா என்ற டிக்கெட் மென்பொருளில் கமிட் செய்திக்குள்ளேயே கமென்ட், செலவான நேரம், அடுத்த நிலை எல்லாவற்றையும் எழுதிவிடலாம். எழுதியவரின் மெயில் முகவரி அங்கே ஒரே ஒரு பயனரோடு பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை எனக்குப் பிடிக்கும். குறைந்தபட்சம் யார் சொன்னது என்றாவது கேட்கிறது.

இந்த இணைப்புகளுக்கு அடியில் ஓடுவது பெரும்பாலும் வெப்ஹூக்தான். ஓர் இடத்தில் ஏதாவது நடந்தால் இன்னோர் இடத்துக்கு ஒரு சிறு பொட்டலம் போகும். என்ன நடந்தது, எந்த எண், எந்த நேரம் என்று அதில் இருக்கும். ஏன் நடந்தது என்பதற்கு அதில் இடமே கிடையாது. போதாததற்கு, அந்தப் பொட்டலம் போய்ச் சேரும் என்பதற்கும் முழு உத்தரவாதம் இல்லை. கிட்ஹப் பத்து நொடிக்குள் பதில் எதிர்பார்க்கும். வராவிட்டால் தோல்வி என்று குறித்துக்கொள்ளும், தானாக மறுபடி அனுப்பாது. சாட் மென்பொருளான ஸ்லாக் இதற்கு நேர்மாறு. மூன்று நொடிக்குள் பதில் வராவிட்டால் அதே நிகழ்வை மூன்று தடவை வரை திரும்ப அனுப்பும். இதைக் கவனிக்காமல் சாட்டிலிருந்து டிக்கெட் உருவாக்கும் தானியங்கி நிரல் எழுதினால், சர்வர் கொஞ்சம் திணறும் நாளில் ஒரே புகாருக்கு மூன்று நான்கு டிக்கெட் முளைத்து நிற்கும். எங்கள் இன்வாய்ஸ் இரட்டிப்பானதும் இதே கோளாறால்தான் என்பதை நினைத்தால் சிரிப்புதான் வருகிறது. பதில் தாமதமானால் போகவில்லை என்று முடிவு கட்டுகிற நிரல்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

மெயில் இணைப்பில் இன்னொரு பழைய கூத்து உண்டு. விடுப்பில் இருப்பவரின் தானியங்கிப் பதில் டிக்கெட் பெட்டிக்கு வரும்; பெட்டி “உங்கள் புகார் கிடைத்தது” என்று பதில் அனுப்பும்; அதற்கு மறுபடி விடுப்புப் பதில் வரும். ஆள் திரும்பி வரும்வரை இரண்டு எந்திரங்களும் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருக்கும். இதைத் தடுக்கத்தான் ஆட்டோ-சப்மிட்டட் என்ற தலைப்புவரியை வைத்து 2004-இல் ஆர்எஃப்சி 3834 என்ற வழிகாட்டியே வந்தது. ‘இதை மனிதன் எழுதவில்லை’ என்று எந்திரமே ஒப்புக்கொள்ளும் வரி அது. சாட்டிலும் டிக்கெட்டிலும் அதே போல் ஒன்று, படிக்கிறவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்திருந்தால் அக்காவின் பெயர் அந்த மெயிலில் ஏறியிருக்காது.

சூழலைப் பார்க்காமல் எண்ணை மட்டும் நம்புவது பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஏப்ரல் சாட்சி. ஜிராவைத் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனம் பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர் தளங்களிலிருந்து நீக்க ஒரு ஸ்கிரிப்ட் ஓட்டியது. செயலியின் அடையாள எண்களைக் கொடுக்க வேண்டிய இடத்தில் தளத்தின் அடையாள எண்கள் போய்விட்டன. நீக்கும் நிரல் இரண்டையும் ஏற்றுக்கொள்ளும். செயலி எண் தந்தால் செயலியை நீக்கும், தள எண் தந்தால் தளத்தையே நீக்கும், இடையில் ஓர் எச்சரிக்கையும் வராது. 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் காணாமல் போயின. சிலருக்கு அவை திரும்பக் கிடைக்க 14 நாள் வரை ஆனது. அந்த நிறுவனமே பின்னர் வெளியிட்ட விரிவான அறிக்கையில் என்னை நிறுத்திப் படிக்க வைத்த விஷயம் வேறு: ஆதரவு டிக்கெட் போட வேண்டுமானால் செல்லுபடியாகும் தள முகவரி வேண்டும், தளமே போனவர்களால் வழக்கமான வழியில் டிக்கெட்டும் போட முடியவில்லை.

பழைய ஆட்கள் செய்து வைத்தது

மென்பொருளை அன்றாட வேலைக் கருவியோடு இணைப்பது புதிய யோசனை என்று விற்பனைப் பக்கங்கள் பேசுகின்றன. டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்தின் பிழைத் தடமறியும் அமைப்பை 1994-இல் இயன் ஜாக்சன் எழுதியபோதே அது மெயிலோடு இணைந்துதான் பிறந்தது. சொல்லப்போனால் மெயிலைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. இன்றும் அதன் இணையப் பக்கத்தில் படிக்கத்தான் முடியும். புகார் கொடுக்க மெயில், விவாதிக்க மெயில், தீவிரத்தை மாற்ற மெயில். மூட வேண்டுமானால் பிழை எண்ணோடு ‘டன்’ என்று சேர்ந்த முகவரிக்கு ஒரு மெயில் எழுத வேண்டும், அந்த மெயில் அப்படியே புகார் கொடுத்தவருக்கும் போகும். பழகாதவருக்கு இது முரட்டு அமைப்பு. பாதிக் கட்டளைகளை ஆவணத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஆனால் மூடும் செயலே ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் கடிதமாக இருக்கிறது. எழுதாமல் மூடுவது அங்கே கஷ்டம்.

1998-இல் மொசில்லாவிலிருந்து வெளிவந்த பக்ஜில்லா என்ற பிழைத் தடமறியும் மென்பொருளில் வேறொரு விவேகம். டெவலப்பர் சரிசெய்துவிட்டார் என்பதற்கு ‘ரிசால்வ்டு’ ஒரு நிலை. சோதிப்பவர் பார்த்து ஆம் என்று சொன்னதற்கு ‘வெரிஃபைடு’ இன்னொரு நிலை. செய்தவர் வேறு, பார்த்தவர் வேறு என்ற பழைய தணிக்கை அறிவு அது. கமிட் சேர்ந்ததும் மூடுகிற இணைப்பு இந்த இரண்டையும் ஒன்றாக நசுக்கிவிட்டது. கோட் சேர்ந்துவிட்டது என்பதும், பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதும் ஒரே பச்சை டிக்காக மாறிவிட்டன. வசதி என்ற பெயரில் நாம் இழந்தவற்றில் இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இணைப்பு வந்தபின் விவாதம் சாட்டுக்குப் போய், டிக்கெட்டில் “இங்கே பேசினோம்” என்று ஒரு லிங்க் மட்டும் மிஞ்சுகிறது. அந்த லிங்கின் ஆயுள் டிக்கெட்டின் ஆயுளைவிடக் குறைவு. ஹிப்சாட் என்ற சாட் சேவையில் நடந்த பேச்சுகளுக்கு லிங்க் கொடுத்தவர்களுக்கு, 2019-இல் அந்தச் சேவை நின்றதும் அவை வெறும் எழுத்துகளாகிவிட்டன. ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதல் 90 நாளைத் தாண்டிய பேச்சு கண்ணில் படுவதில்லை. டிக்கெட் மென்பொருளே கூட இடம் மாறும். பைத்தான் மொழியின் இஷ்யூக்கள் 2022-இல் பழைய தளத்திலிருந்து கிட்ஹப்புக்குப் போயின. இத்தகைய இடமாற்றம் ஒன்றில் வேலை செய்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: ‘நிலை மாறியது’, ‘லேபிள் சேர்ந்தது’ வகைப் பதிவுகளைப் புதிய இடத்தில் யாரும் சீந்துவதில்லை. ஒருவர் உட்கார்ந்து எழுதிய இரண்டு வாக்கியம்தான் பல ஆண்டு கழித்தும் தேடலில் அகப்பட்டு உதவுகிறது.

மாற்றியதும், மாறாததும்

அக்கா வந்துபோன பிறகு எல்லா இணைப்பையும் பிடுங்கி எறியலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. நான் அந்தக் கட்சி இல்லை. கமிட்டும் டிக்கெட்டும் ஒன்றையொன்று சுட்டுவது பொன்னான விஷயம். வாடிக்கையாளரின் பதில் சரியான டிக்கெட்டில் போய் விழுவதும் அப்படித்தான். கெட்டது ஒரு குறிப்பிட்ட வகைதான்: மனிதன் சொல்ல வேண்டிய தீர்ப்பை நிகழ்வைப் பார்த்து எந்திரமே ஊகித்துச் சொல்வது. ஆகவே ஸ்கிரிப்ட் இப்போது டிக்கெட்டை மூடுவதில்லை. ‘சரிபார்க்க’ என்ற நிலைக்குத் தள்ளி, கமிட் செய்தி முழுவதையும் கமென்டாக ஒட்டிவிடுகிறது. மூடிய டிக்கெட்டில் வாடிக்கையாளர் எழுதினால் அது தானாகத் திறந்துகொள்ளும். சேனலுக்குப் போகும் அறிவிப்புகளில் பெரும்பகுதியை வெட்டினோம். எதிர்பார்த்தபடியே ஒருவரும் அதைத் தேடவில்லை.

மேலாளருக்கு இது உவப்பாக இல்லை. டிக்கெட் மூட ஆகும் சராசரி நேரம் டாஷ்போர்டில் ஏறிவிட்டது. “முன்னாடி நல்லா இருந்துச்சே” என்றார். முன்பு இருந்த எண் எந்திரம் எந்திரத்துக்குப் போட்ட மார்க் என்று விளக்க நேரம் பிடித்தது. இதற்கிடையில் டிக்கெட்டைப் படித்துச் சுருக்கம் தரும் வசதியும் வந்து சேர்ந்தது. சோதனைக்கு #2217-ஐயே கொடுத்துப் பார்த்தோம். “இன்வாய்ஸ் இரட்டிப்பு கண்டறியப்பட்டு, திருத்தம் செய்யப்பட்டு, வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கப்பட்டது” என்று தொடங்கியது. வாடிக்கையாளரின் நள்ளிரவுக் கணக்கு, கடைசியில் “கூடுதல் கருத்துகளும் பெறப்பட்டன” என்று ஒதுங்கிவிட்டது. மனிதர்கள் எழுதிய டிக்கெட்டுகளில் அதே வசதி நன்றாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எங்களுக்கு அதிகம் தலைவலி கொடுத்தது மூடும் குறிப்பு. மூடும்போது என்ன சரியானது என்று எழுதியே ஆக வேண்டும் என ஒரு கட்டாயக் கட்டம் வைத்தோம். முதல் வாரத்திலேயே அதில் வெறும் புள்ளிகள் விழுந்தன. பிறகு டெபியன் வழியைப் பிடித்தோம்: அந்தக் கட்டத்தில் எழுதுவது அப்படியே, எழுதியவர் பெயரோடு, வாடிக்கையாளருக்குப் போகும். அதன்பின் வாக்கியங்கள் வரத் தொடங்கின. சிலர் தேவைக்கு மேலேயே எழுதுகிறார்கள். ‘டன்’ என்று மட்டும் போட்டு மூடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள், வெளியே போகும் முன் அக்கா அவற்றைத் திறந்து, “யாருக்கு என்ன டன்?” என்று கேட்டுத் திருப்பி அனுப்புகிறார். போன வாரம் அப்படித் திரும்பி வந்ததில் ஒன்று மேலாளர் மூடியது.